எந்தப் பொத்தானை அழுத்தினேன்

ஆம் என்பதை அழுத்தினேனா, இல்லை என்பதையா. இடது பக்கம் ஆம், வலது பக்கம் இல்லை, அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், திரையில் வரும் எல்லாப் பெட்டியிலும் அப்படித்தானே இருக்கும். கேள்வி மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. டேட்டா இருக்கும் போல்டரையும் சேர்த்து அழித்துவிடலாமா என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். படித்தேன். படித்துவிட்டுத்தான் அழுத்தினேன். அழுத்துகிற நேரம் பார்த்து கவுன்டர் டெக்னீசியன் சுடலைமணி கதவுக்குள் தலையை நீட்டி, "யக்கா, டீ சொல்லட்டா" என்றான். "வேண்டாம் தம்பி" என்றேன். வாய் வேண்டாம் என்றது. விரல் என்ன சொன்னது என்று தெரியவில்லை. இப்போது மணி பத்து ஐம்பது, சனிக்கிழமை. பழைய துணி அலமாரி இருந்த அறையைத் தடுத்து சர்வர் அறை ஆக்கியிருக்கிறார்கள், ஏசி நேராக என் பிடரியில் விழுகிறது, ஆனாலும் உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்குகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கவுன்டர், அதற்கும் அந்தப் பக்கம் ரத்தப் பைகள் இருக்கும் குளிர்பெட்டிகள். இருபத்தொரு வருஷமாக இந்த ரத்த வங்கியில் இருக்கிறேன். நான் படித்தது லேப் டெக்னீசியன். கம்ப்யூட்டர் வந்த வருஷம் எல்லாரும் அதன் பக்கம் போகப் பயந்தார்கள், நான் போனேன், மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள், அன்றிலிருந்து சிஸ்டம் என்றால் பிரகாசி, பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் பிரகாசி. தெரியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பயமில்லாதவள் என்று பெயர் எடுத்துவிட்டேன், அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் இத்தனை வருஷமும் பயந்துகொண்டே இருந்திருக்கிறேன் போல.

வரிசையாக யோசி. வரிசையாக யோசித்தால் அகப்படும். ரத்த வங்கிக்குப் புது சாப்ட்வேர் வருகிறது, திங்கட்கிழமையிலிருந்து. அது ஓடுவதற்கு அடியில் இருக்கும் டேட்டாபேஸ் புதிதாக இருக்க வேண்டும். நம்மிடம் இருப்பது நாலாவது வெர்ஷன், அதற்கு வேண்டியது ஏழாவது. ஞாயிற்றுக்கிழமை ஆள் நடமாட்டம் இல்லாதபோது மாற்றிவிடுங்கள் என்றார் ரத்த வங்கிப் பொறுப்பில் இருக்கும் டாக்டர் மரகதவல்லி மேடம். நாளைக்கு என் அக்கா பேரனுக்கு ஞானஸ்நானம், மணப்பாட்டில். அதனால் இன்றைக்கே, காலை எட்டரைக்கே வந்து உட்கார்ந்தேன், மேடத்திடம் கேட்கவில்லை. ஏழாவதை இன்ஸ்டால் பண்ணினேன். பாதியில் நின்றது, இந்த போல்டர் நாலாவது வெர்ஷன் உண்டாக்கியது, என்னால் இதைப் படிக்க முடியாது என்றது. சரி, நாலு இருப்பதால்தானே தகராறு என்று நாலை மெஷினிலிருந்து எடுத்தேன். எடுக்கும்போதுதான் அந்தக் கேள்வி. அதற்குப் பிறகு ஏழை மறுபடி போட்டேன், மறுபடி நின்றது, ஆனால் வேறு ஏதோ காரணம் சொன்னது. சர்வீஸ், பெயர், ஏற்கெனவே இருக்கிறது, இப்படி ஏதோ. போல்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் போல்டரைப் பற்றிச் சொன்னது ஏன் இரண்டாம் தடவை சொல்லவில்லை. போல்டருக்குள் படிக்க முடியாதது எதுவும் இல்லாததால் சொல்லவில்லையா. சரி, நாலையே திரும்பப் போட்டுவிடலாம் என்று பார்த்தால், இந்த மெஷினில் என்னைவிடப் புதிய வெர்ஷன் இருக்கிறது, நான் வர முடியாது என்கிறது நாலு. நாலின் துண்டு கிடப்பதால் ஏழு வராது, ஏழின் பாதி கிடப்பதால் நாலு வராது. போல்டரைத் திறந்தாவது பார்க்கலாம் என்று இரண்டு தட்டு தட்டினால், உங்களுக்கு அனுமதி இல்லை. எனக்கு. பதினோரு வருஷம் ஒவ்வொரு பையாக, ஒவ்வொரு பெயராக அதற்குள் ஏற்றியவளுக்கு.

பேக்கப் இருக்கிறதே என்று ஒருவர் சொல்லலாம். மேடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நேற்றுச் சாயங்காலம் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "பேக்கப் எடுத்தாச்சா பிரகாசி" என்று கேட்டார். "எடுத்தாச்சு மேடம்" என்றேன். அது பொய் இல்லை, அப்போது ஓடிக்கொண்டிருந்தது, பென்டிரைவில் பச்சைக் கோடு பாதி தாண்டியிருந்தது. ஐந்தே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்கு. ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் போனேன். காலையில் வந்தபோது பச்சைக் கோடு இருந்த பெட்டியே இல்லை. முடிந்ததால் மூடியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். சற்று முன்புதான் பென்டிரைவைத் திறந்து பார்த்தேன். ஒரு பைல் இருக்கிறது, நேற்றைய தேதி இருக்கிறது, நான் வைத்த பெயர் இருக்கிறது, அளவு என்ற இடத்தில் பூஜ்யம். அதற்கு முந்தைய பேக்கப் எப்போது எடுத்தேன். போன வருஷம் பிப்ரவரி என்று ஒன்று இருந்தது, அந்தப் பென்டிரைவைத்தான் இடமில்லை என்று நேற்று அழித்துவிட்டு இதற்கு வைத்தேன். இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டும். சொல்ல முடியாது. என் மகள் ஜெனிட்டா மூன்று வயதில் வலிப்பு வந்து மருந்து குடித்துக்கொண்டிருந்தாளே, அப்போதும் இப்படித்தான். காலையில் ஐந்து மில்லி. கொடுத்தேனா, கொடுக்கவில்லையா. மூடியில் மருந்து ஒட்டியிருக்கிறது, ஆனால் அது முந்தின நாள் ஒட்டியதாகவும் இருக்கலாம். பிள்ளையிடம் கேட்டால் குடிச்சேன் என்கிறாள், குடிக்கலை என்கிறாள், எப்படிக் கேட்கிறோமோ அப்படிச் சொல்கிறாள். கொடுக்காமல் இருந்து வலிப்பு வந்துவிட்டால் என்று பயந்து கொடுத்தேன். அன்றைக்கு அவள் பதினோரு மணிக்குத் தூங்கி சாயங்காலம் ஐந்து வரை எழுந்திருக்கவில்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்தபடி ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் லூர்து உப்பளத்திலிருந்து வந்து, பிள்ளை என்ன இந்நேரம் வரைக்கும் தூங்குது என்றபோது, வெயில்ல ஆடிட்டா என்றேன். அவருக்கு இன்றைக்கு வரை தெரியாது. ஜெனிட்டா நாகர்கோவிலில் பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனாலும் அவள் போனை எடுக்கத் தாமதமானால் என் விரல் அந்த மூச்சைத் தேடும். இரண்டு தடவையும் கையால் செய்ததுதான். என் கை செய்ததை என் தலை எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காத தலையை வைத்துக்கொண்டு நான் இருபத்தொரு வருஷமாக மற்றவர்கள் ரத்தத்துக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

சாப்ட்வேர் கம்பெனிக்கு மூன்றாம் தடவை போன் போட்டபோதுதான் எடுத்தார்கள். பூங்கோதை என்ற பெண், கோயமுத்தூர்க் குரல், பின்னால் நிறைய பேர் ஒரே சமயத்தில் பேசும் சத்தம். நடந்ததைச் சொன்னேன். பேக்கப்பைப் பற்றிச் சொல்லவில்லை. "அக்கா, முதல்ல மவுசுல இருந்து கைய எடுத்துருங்க" என்றாள். எடுத்தேன். பயந்த மாட்டிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினாள். "நாலோட டேட்டாவ ஏழு நேராப் படிக்காதுங்க. நாலு ஓடிட்டு இருக்கையிலயே அதுகிட்ட இருந்து எழுதி வாங்கி ஏழுக்குக் குடுக்கோணும். நீங்க நாலத் தூக்கிட்டீங்களாக்கா." தூக்கிட்டேன் என்றேன். "தூக்கறப்ப ஒரு கேள்வி கேட்டிருக்குமே." கேட்டது என்றேன். "என்ன குடுத்தீங்க." நான் என்ன சொன்னேன் என்றால், "ஞாபகம் இல்லம்மா." கீ போர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நாலாவது வெர்ஷனில் சரியாக எந்த நாலு, நாலு புள்ளி என்ன, அது தெரிந்தால்தான் அதே பைலை அனுப்ப முடியும், ஒரு புள்ளி மாறினாலும் வேலைக்கு ஆகாது என்றாள். மெஷின் முதுகில் பழைய இன்ஜினியர் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது, தூசியை ஈர விரலால் துடைத்தால் நாலு புள்ளி இரண்டு, அதற்குப் பிறகு ஆறா எட்டா தெரியவில்லை, மை கரைந்துவிட்டது, நான் துடைத்ததால் கரைந்ததா முன்பே கரைந்திருந்ததா. எதைத் தொட்டாலும் இப்படி ஆகிறது. இரண்டையும் அனுப்புகிறேன், இறங்க அரை மணி ஆகும், அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டு வைத்தாள். தொடாமல் உட்கார்ந்திருந்தேன். கோடு நகர்ந்தது. நாலு சதவீதம். நாலு சதவீதம். ஐந்து.

அப்போதுதான் சுடலைமணி மறுபடியும் வந்தான், இந்தத் தடவை டீக்காக இல்லை. "யக்கா, வேல்கனி வந்திருக்கு. கார்டத் தொலைச்சுட்டாங்களாம். சிஸ்டத்துல பார்த்து அதுக்கு என்ன ஆகாதுன்னு சொல்லுங்க, பை எடுக்கணும்." பார்க்கிறேன் என்றேன். எதைப் பார்ப்பேன். எங்களிடம் முப்பத்தொரு பிள்ளைகள் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றிக்கொள்ள வருகின்றன, பிறவியிலேயே ரத்தம் ஊறாத பிள்ளைகள். வேல்கனிக்குப் பதினோரு வயது, எட்டயபுரம் பக்கம், அம்மா பொன்னுமாரி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். இத்தனை பேர் ரத்தம் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் அந்தப் பிள்ளையின் உடம்பு, வருகிற ரத்தத்தில், ஏ, பி, ஓ என்ற குரூப்புக்கு உள்ளேயும் ஆங்கில எழுத்தால் பிரிக்கிற வகைகளில் ஒன்றை எதிரி என்று பதிந்துகொண்டுவிட்டது. அதன் பிறகு அந்த வகை ஏறினால், ஏறிய அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஐந்தாறு நாள் கழித்து வீட்டில் இருக்கும்போது ஏறிய ரத்தமெல்லாம் உடைந்துபோகும், கண் மஞ்சளாகும், சிறுநீர் பால் விடாத கட்டங்காப்பி மாதிரிப் போகும், சிறுநீரகம் நின்றுவிடலாம். இதில் கொடுமை என்னவென்றால் நாளாக ஆக அந்த எதிர்ப்பு சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். இன்றைக்குச் சோதித்தால் எல்லாம் சரி என்றுதான் வரும். உடம்பு மறக்காது, சோதனைக்குத்தான் தெரியாது. ஒரு தடவை தெரிந்தபோது எழுதி வைத்தது மட்டும்தான் சாட்சி. அது கார்டில் இருந்தது, கார்டு பஸ்ஸில் போய்விட்டது. இன்னொன்று இந்த போல்டருக்குள் இருக்கிறது, அல்லது இல்லை. "யக்கா" என்றான் சுடலைமணி. "எனக்குத் தெரிஞ்சு பெரிய இ-ன்னு நினைக்கேன்" என்று வாய் நுனி வரை வந்துவிட்டது. பெரிய இ. கண்ணுக்குள் நன்றாகத் தெரிகிறது, வேல்கனி என்ற பெயருக்கு எதிரே ஆங்கிலப் பெரிய எழுத்து இ, சிவப்பில். எவ்வளவு தெளிவு. ஆனால் ஆம் என்ற பொத்தானை அழுத்துவதும் இதே தெளிவோடுதான் தெரிகிறது, அடுத்த நிமிஷம் இல்லை என்ற பொத்தானை அழுத்துவதும் அதே தெளிவோடு தெரிகிறது. சும்மா இருந்தால் என்ன. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சுடலைமணி இன்றைய சோதனையைப் பார்த்து, எல்லாம் சரி என்று ஒரு பையைக் கொடுத்துவிடுவான், பத்துக்கு ஒன்பது தடவை ஒன்றும் ஆகாது. அப்படி ஏதாவது ஆனாலும் ஐந்தாறு நாள் கழித்துத்தானே தெரியும், எட்டயபுரத்தில்தானே தெரியும், யார் இதோடு சேர்த்துப் பார்க்கப்போகிறார்கள். இதை நினைத்தது நான்தான். நினைத்து முடித்த பிறகுதான் நினைத்தது தெரிந்தது. அதைவிடப் பெரிய பயம் இன்றைக்கு எனக்கு வரவில்லை.

"பை எடுக்காத தம்பி, இருந்துக்கோ, நான் மேடத்தப் பாத்துட்டு வாரேன்" என்று எழுந்தேன். கால் மரத்திருந்தது. மேடம் அறைக்குப் பதினெட்டு எட்டு வைக்க வேண்டும், வழியில் பெஞ்சில் பொன்னுமாரி மடியில் தலை வைத்து வேல்கனி படுத்திருந்தாள், உதடு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போய். என்னைப் பார்த்ததும் பொன்னுமாரி எழப் பார்த்தாள். "யம்மா, கார்டு பஸ்ஸுலயே போயிட்டும்மா, மஞ்சப்பையோட போயிட்டு. சாப்பாட்டுத் தூக்கும் அதுலதான் இருந்துச்சு." பரவாயில்லை, உட்காருங்க என்றேன். அவள் கார்டைத் தொலைத்ததற்காக என்னிடம் பயப்படுகிறாள். நான் எதைத் தொலைத்திருக்கிறேன் என்று தெரிந்தால். மேடம் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நின்றேன். சுவரில் ஈரம் பூத்த இடம், மருந்துக் கம்பெனி காலண்டர், தேதி கிழிக்காமல் வியாழக்கிழமையிலேயே நிற்கிறது. இப்போதும் திரும்பிப் போய்விடலாம், பாத்ரூம் போக வந்தேன் என்று. "என்ன பிரகாசி." "மேடம், நாலத் தூக்கிட்டு ஏழு போட்டேன். ரெண்டும் வரல. சிஸ்டம் நிக்குது." "இன்னைக்கா. நாளைக்குத்தானே செய்யச் சொன்னேன்." "நாளைக்கு ஞானஸ்நானம் மேடம்." அவர் பேனாவை மூடினார். "சரி, பேக்கப் இருக்குல்ல." மேடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "எடுத்தாச்சுன்னு சொன்னேன் மேடம். முடிஞ்சுதான்னு பாக்கல. பென்டிரைவுல ஒன்னுமே இல்ல." மேடம் மூடிய பேனாவை மேஜைமேல் நேராக வைத்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. "வேல்கனிக்கு என்னன்னு ஞாபகம் இருக்கா." "பெரிய இ-ன்னு தோணுது மேடம். நிச்சயமில்ல." "தோணுதுன்னு எழுதி ரத்தம் குடுக்க முடியுமா பிரகாசி." முடியாது மேடம் என்றேன். அவர் போனை எடுத்து, "சுடலை, அந்தப் பிள்ளைக்குப் பை எதையும் வெளிய விடாதீங்க. ஹீமோகுளோபின் என்ன" என்று கேட்டார். ஐந்தரை என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. "சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள கிடைக்கலன்னா திருநெல்வேலிக்கு அனுப்புவோம். போய்ப் பாருங்க." கதவு வரை வந்த பிறகு, "பிரகாசி" என்றார். திரும்பினேன். "வந்து சொன்னீங்களே, அது போதும். மத்தது பெறகு பேசிக்கிடலாம்." மத்தது என்பது என்ன. பெறகு என்பது எப்போது. வேலை போய்விடுமா, போனால் லூர்திடம் என்ன சொல்வேன், வெயில்ல ஆடிட்டேன் என்றா.

இரண்டு பைலும் இறங்கியிருந்தன. பூங்கோதை மறுபடி போனில் வந்தாள். முதலில் பாதியில் நிற்கும் ஏழை எடுக்க வேண்டும் என்றாள். எடுக்கக் கொடுத்தேன். ஒரு பெட்டி வந்தது. அதே மஞ்சள் முக்கோணம். அதே கேள்வி. "அக்கா, கேள்வி வந்துருச்சுங்களா." வந்துருச்சு. "அதே போல்டரத்தான் அதுவும் தன்னுதுன்னு நெனச்சிட்டு இருக்குதுங்க. இல்லன்னு குடுங்க. படிச்சுட்டுக் குடுங்க." படித்தேன். சத்தமாக அவளுக்குக் கேட்கும்படி படித்தேன். இடது பக்கம் ஆம், வலது பக்கம் இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது என் கை தானாக இடது பக்கம் நகர்ந்தது. நான் நகர்த்தவில்லை. எத்தனை வருஷமாக, சரியா, சேமிக்கவா, மேலே போகலாமா என்று கேட்கும்போதெல்லாம் இடது பக்கம் போய்ப் பழகிய கை. அப்படியானால் காலையிலும் இடது பக்கம்தான் போயிருக்கும். சுடலைமணி டீ கேட்டபோது, வேண்டாம் தம்பி என்று நான் சொன்னபோது, அது தன் பாட்டுக்கு இடது பக்கம் போயிருக்கும். "அக்கா, குடுத்தீங்களா." இன்னும் இல்லை என்றேன். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன், யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள், பிடித்து இழுத்து வலது பக்கம் கொண்டுபோய் வைத்து, இல்லை, இல்லை, இல்லை என்று வாயால் சொல்லிக்கொண்டே அழுத்தினேன். பெட்டி மறைந்தது. மறைந்த உடனே சந்தேகம் வந்துவிட்டது. மறைந்து ஒரு நொடிகூட ஆகவில்லை, அதற்குள். "பூங்கோதை, நான் இல்லன்னுதானே குடுத்தேன்." அவள் எங்கோ கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க இல்ல இல்லன்னு மூணு வாட்டி சொன்னது எனக்குக் கேட்டுச்சுங்க்கா" என்றாள். அதைக் கேட்டதும் கண்ணில் நீர் வந்தது. ஒரு சாட்சி இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்.

நாலு விட்டுப்போன துண்டு ஒன்று பின்னணியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஏழு இரண்டாம் தடவை அதில்தான் முட்டி நின்றிருக்கிறது, போல்டர் வரைக்கும் அது போகவே இல்லை என்று பூங்கோதை சொன்னாள். அவள் சொன்ன வரியை எழுத்து எழுத்தாக அடித்து அந்தத் துண்டை எடுத்தோம். மெஷினை அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரை. அதில் என் முகம். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், மூன்றாவது நிமிஷம் அது வராமலே போய்விடும் என்று தோன்றியது, வந்துவிட்டது. போல்டருக்கு இனி நான்தான் சொந்தக்காரி என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தேன். இப்போது அதன் அளவைப் பாருங்கள் என்றாள். வலது பக்கப் பொத்தான், கடைசி வரி. அளவு, பூஜ்யம். கோப்புகள், பூஜ்யம். கவுன்டரில் யாரோ சிரிக்கிறார்கள், ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிடுகிறது, எல்லாம் எங்கோ தண்ணீருக்கு அடியில் கேட்கிற மாதிரி இருக்கிறது. முப்பத்தொரு பிள்ளைகள், ஒவ்வொரு முகமாக வருகிறது, ஒவ்வொன்றுக்கும் என்ன ஆகாது என்று எனக்கு ஒன்றுகூட நிச்சயமாகத் தெரியவில்லை. "எண்ணிட்டு இருக்குங்க்கா, கொஞ்சம் பொறுங்க" என்றாள். பூஜ்யம் நாற்பதானது. நாற்பது எழுநூறானது. எழுநூறு நின்று, நின்று, பிறகு ஓட ஆரம்பித்தது, நான் படிக்க முடியாத வேகத்தில் ஓடியது, பதினொரு ஜிபி-யில் வந்து நின்றது. இருக்கிறது. அழியவில்லை. அப்படியானால் காலையில் நான் இல்லை என்பதைத்தான் அழுத்தியிருக்கிறேன். நம்ப முடியவில்லை. இப்போதும் கண்ணை மூடினால் விரல் இடது பக்கம் போய் ஆம் மேல் இறங்குவது தெரிகிறது. முதலில் போல்டரை முழுசாக இன்னொரு இடத்துக்கு நகல் எடுக்கச் சொன்னாள் பூங்கோதை. அவள் சொல்லும் முன்பே நான் எடுக்க ஆரம்பித்திருந்தேன். முடிந்ததும் திறந்து பார்த்தேன், அளவைப் பார்த்தேன், அதையும் அவளிடம் படித்துச் சொன்னேன்.

ஸ்டிக்கரில் இருந்தது ஆறு இல்லை, எட்டு. முதலில் போட்ட நாலு புள்ளி இரண்டு புள்ளி ஆறு முறைத்துக்கொண்டு நின்றது, எட்டைப் போட்டதும் பழைய வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரி ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே போய் உட்கார்ந்தது. மணி ஒன்று ஐம்பது. பழைய நீலத் திரை, பழைய எழுத்துகள். வேல்கனி என்று அடித்தேன். இரண்டு வேல்கனி இருந்தார்கள், வயதைப் பார்த்து, அம்மா பெயரைப் பார்த்துத் திறந்தேன். எதிர்ப்பு என்ற கட்டத்தில் சின்ன சி என்று இருந்தது. பெரிய இ இல்லை. சின்ன சி. இரண்டாயிரத்துப் பத்தொன்பது, ஆகஸ்ட், பதிவு செய்தவர் பிரகாசி. நான். அன்றைக்கு மழையா வெயிலா, பிள்ளை அழுததா, எதுவும் ஞாபகம் இல்லை, என் கை எழுதியிருக்கிறது. பெரிய இ எங்கிருந்து வந்தது என்று தேடினேன், அதே நாளில் ரூபன் என்ற ஒரு பையனுக்குப் பெரிய இ பதிந்திருக்கிறேன், இருவரையும் அடுத்தடுத்து. எட்டயபுரத்துப் பிள்ளைக்கு சாத்தான்குளத்துப் பையனுடையதை ஆறு வருஷமாக மனசுக்குள் சிவப்பில் எழுதி வைத்திருந்திருக்கிறேன். சுடலைமணியிடம் வாயைத் திறந்திருந்தால் அவன் பெரிய இ இல்லாத பையாகப் பார்த்து எடுத்திருப்பான், அதில் சின்ன சி இருந்திருக்கலாம், எட்டயபுரத்தில் வியாழக்கிழமை வாக்கில் தெரிந்திருக்கும். மேடம் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. திரையைப் படித்தார். பெரிய இ என்று நான் சொன்னதையும் அவர் மறந்திருக்கமாட்டார். "பேப்பர்ல எடுங்க. முப்பத்தொன்னையும்" என்றார். "இன்னைக்கே." சரி மேடம். "ஏழப் போட அவங்க ஆளையே நேர்ல வரச் சொல்லுங்க. நீங்க கூட இருங்க." சரி மேடம். பிரிண்டர் ஒவ்வொரு தாளாகத் துப்ப ஆரம்பித்தது.

சின்ன சி இல்லாத பை ஐந்தாவதாகச் சோதித்ததில்தான் கிடைத்தது. மூன்றே காலுக்கு வேல்கனிக்கு ஏற ஆரம்பித்தது. புதுக் கார்டை நானே எழுதினேன், திரையைப் பார்த்து, கார்டைப் பார்த்து, தாளைப் பார்த்து. இரண்டு கார்டு, ஒன்று பொன்னுமாரிக்கு, ஒன்று பள்ளிக்கூடப் பையில் வைக்க. படுக்கைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கொடுத்தேன். பொன்னுமாரி இரண்டையும் ஜாக்கெட்டுக்குள் வைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டு, "இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்கம்மா. அட்ட போனாலும் எனக்குள்ள கெடக்கட்டும்" என்றாள். "சின்ன சி" என்றேன். "சின்ன சி" என்றாள் அவள், சாமி பெயர் சொல்கிற மாதிரி மெதுவாக, மறுபடியும் ஒரு தடவை. கண்ணை மூடிக்கொண்டிருந்த வேல்கனி திறக்காமலே, "பெரிய சி இல்லையே" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எழுந்து, மேடம் அறையைத் தாண்டி, அந்தப் பதினெட்டு எட்டையும் நடந்து சர்வர் அறைக்குள் போய், திரையில் அந்தப் பெயரைத் திரும்ப அடித்து, வயதைப் பார்த்து, அம்மா பெயரைப் பார்த்து, கட்டத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன், "இல்லம்மா. சின்ன சி."